கியர் விழக் காத்திருந்த விநாடிகள்

1

“ட்ரக்டர்காரன்ர மகளெண்டால் ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ் விளங்குமே, தங்கச்சி? நீ எடுத்த பட்டத்துக்கும் இதுக்கும் வெகு தூரம்.”

அன்ரன் அண்ணை இதைச் சொன்னபோது ஒரு வான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது அவருடைய சப்பாத்து மட்டும்தான். முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்தியவர். இருபது வருடத்துக்கு மேலாக, இங்கிலாந்தின் வடக்கில் உள்ள இந்தச் சின்ன ஊரில் கராஜ் வைத்திருக்கிறார். இங்கே காரைப் பற்றித் தமிழில் கதைக்க எனக்கு இருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

நான் போனது ஐப்பசிக் கடைசியில். என்னுடைய பழைய காரில், கியர் கோலை முன்னுக்குப் போகும் ‘டி’யில் போட்டால் உடனே இழுக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல ஒரு குலுக்கலோடு கிளம்பும். பின்னுக்குப் போகும் கியரில் அவ்வளவு தாமதமில்லை. வெயில் உள்ள நாட்களில் குறைவு. குளிர்ந்த காலையில் கூடுதல். இதையெல்லாம் நான் ஒரு கிழமை கவனித்து, கடதாசியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் வானுக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டிக் கடதாசியை வாங்கினார்.

“ஆ, நோட்ஸ் எல்லாம் எடுத்திருக்கிறாய். சோதினை எப்ப?”

“பகிடி விடாமல் சொல்லுங்கோ அண்ணை, என்ன செய்யலாம்?”

“விட்டிட்டுப் போ. ஒரு கிழமையில பாத்துச் சொல்லுறன்.”

“ஒரு கிழமை கார் இல்லாமல் நான் எப்பிடி வேலைக்குப் போறது?”

“அது உன்ர பாடு.”

“அப்ப நானே பாக்கிறன்.”

“பார், பார். பாத்திட்டு இஞ்சதான் கொண்டு வருவாய். கட்டி இழுத்துக்கொண்டு.”

நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ‘டி’யில் போட்டு, அவர் பார்க்க, மூன்று வரை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்த மூன்று விநாடியும் முகம் எரிந்தது.

போன கிழமையோடு நான் வன்னியை விட்டு வந்து இரண்டு வருடம். இரண்டு வருடம் முடிந்ததும் ஊரில் உள்ளவர்கள் வாசிக்க ஏதாவது எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். நல்ல செய்தியாக எழுத நினைத்திருந்தேன். கைவசம் இருப்பது இதுதான்.

2

என் வேலை, தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, மருந்து எடுத்தார்களா என்று பார்ப்பது. காலையில் ஏழு வீடு, பின்னேரம் ஐந்து வீடு. வீட்டுக்கு வீடு போகச் சொந்தக் கார் வேண்டும். எனது விசா இந்த வேலையோடு கட்டினது. வேலை போனால் குறித்த நாட்களுக்குள் இன்னொரு நிறுவனம் என்னை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

உருத்திரபுரத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போனதும் நான்தான். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்; அதை மறைக்கத் தெரியாது. ஒழுங்கையால் போகிறவர்கள் அப்பாவிடம், “மகள் லண்டனில என்ன செய்யிறா?” என்று கேட்பார்களாம். நான் லண்டனிலும் இல்லை, அவர்கள் நினைக்கிற வேலையிலும் இல்லை. “பெரிய வேலை” என்று மட்டும் அப்பா சொல்லுவார். அது என்ன வேலை என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஊர் லைசன்ஸ் இங்கே ஒரு வருடம்தான் செல்லும். அதற்குள் இந்த நாட்டுச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். பழக்குகிறவர்களில் நாள் கொடுக்க முடிந்தது ஓட்டோமற்றிக் கார் வைத்திருந்த ஒருவரால்தான். நான் அதிலேயே பழகி அதிலேயே பாஸ் பண்ணினேன். அட்டை வந்தபோதுதான் முழுதாக உறைத்தது: ஓட்டோமற்றிக் மட்டும் ஓட்டலாம். பதினைந்து வயதில் முரசுமோட்டை வயலுக்குள் கிளச் மிதித்து நாலு சில்லு ட்ரக்டர் ஓட்டியவள் நான். இங்கே கிளச் உள்ள காரைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அதனால் ஒரு பழைய ஓட்டோமற்றிக்கைத் தேடி எடுத்தேன். எனக்கு முன்னால் அது நாலு பேரிடம் இருந்திருக்கிறது.

காலையில் முதல் வீடு ஆதருடையது. எண்பத்தாறு வயது. முன்பு பஸ் ஓட்டினவர். ஏழு மணிக்கு நான் போய்த்தான் அவரைக் கட்டிலில் இருந்து எழுப்ப வேண்டும். தனியாக எழும்பக்கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இங்கே எல்லோரும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த வயதுக்காரரை வெறும் பெயரில் கூப்பிட வாய் வராது. “மிஸ்டர் ஆதர்” என்பேன். மிஸ்டரைக் குடும்பப் பெயரோடுதான் சேர்ப்பார்கள், இது இங்கத்தைய முறையே இல்லை என்று பிறகு தெரிந்தது. அவர் திருத்தவில்லை. “அப்படிக் கூப்பிட்டால் நான் ஏதோ சிறுவர் நிகழ்ச்சியில் வருகிற ஆள் மாதிரி இருக்கிறது, ஆனால் விடாதே” என்றார்.

அவருடைய மகன் அவுஸ்திரேலியாவில். மகள் இரண்டு மணித்தியாலத் தூரத்தில். சுவரில் படங்கள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், சில கிழமை வராது. வராத கிழமைகளில் எனக்கு அந்தப் பிள்ளைகளில் கோபம் வரும். அதே நேரம் என் சட்டைப் பொக்கற்றில் நான் எடுக்காத அப்பாவின் அழைப்பு நான்கு, ஐந்து கிடக்கும். எடுத்தால் என்ன கதைப்பது? மழை பெய்ததா, உழவு தொடங்கியதா என்று நான் கேட்பேன். சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார். பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். வரவர நான் எடுப்பது குறைந்தது. அதைப் பற்றி யாரும் கேட்டால், வேலை கூட என்று சொல்வேன்.

3

கார் விடயத்துக்காக நானாக அப்பாவுக்குப் போன் எடுத்தேன். வெகு நாளைக்குப் பிறகு எங்களுக்குக் கதைக்க ஒரு கதை கிடைத்தது.

“அப்பா, கார் கியர் விழ நேரம் எடுக்குது.”

“கிளச் தகடு தேஞ்சிருக்கும்.”

“இதில கிளச் மிதிக்கிறதே இல்லையப்பா. ஓட்டோமற்றிக்.”

“அப்ப ஆர் கியர் மாத்திறது?”

“அதுவாவே மாத்தும். உள்ளுக்க எண்ணெய் அமத்தித்தான் எல்லாம் நடக்குது.”

அப்பாவுக்குப் பின்னால் கோழி கத்துவது கேட்டது. “எண்ணெய்தான் வேலை செய்யுதெண்டால் எண்ணெயைப் பார், மகள். காலமை, எஞ்சின் ஸ்ராட் பண்ண முதல் பார். எல்லாம் கீழ இறங்கி நிக்கேக்கதான் சரியான அளவு தெரியும். உனக்குத் தெரியும்தானே.”

எனக்குத் தெரியும். அப்பா மற்றவர்களின் ட்ரக்டரை ஓட்டித்தான் எங்களை வளர்த்தார். விடியக் காலையில், இயந்திரம் ஆறிக் கிடக்கும்போது, அளவுக் கம்பியை இழுத்து, சாரத்தில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டுவார். கம்பியில் இரண்டு கோடு இருக்கும். கீழ்க் கோட்டுக்குக் கீழே போகக்கூடாது, மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா வாசிக்கிற ஒரே எழுத்து அந்த இரண்டு கோடுதான் என்று சின்ன வயதில் நான் நினைப்பேன்.

“மேல் கோட்டைத் தாண்டி நிண்டால், அப்பா?”

“எடு. கூடினால் ஒழுக்கை மறிக்கிற ரப்பர் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியில வரும். எறிஞ்சு போடாதை. போத்தலில வை.”

போத்தலில் வைப்பது எங்களுடைய பழக்கம். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் எஞ்சின் எண்ணெய் வராது. மண்ணெண்ணெயில் ட்ரக்டர் ஓடின காலம் அது. பழைய எண்ணெயைத் துணியில் வடித்து, தெளியவிட்டு, திரும்ப ஊற்றுவார்கள். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் போத்தல் இருக்கும். எந்த இயந்திரத்திலும் ஒரு துளி கூடுதலாக நிற்க எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். கூட நிற்பது இன்னொரு இயந்திரத்தின் பங்கு.

அடுத்த நாள் காலை, வேலைக்குப் போக முன்னம், காரின் மூடியைத் திறந்தேன். எஞ்சின் கல்லுப்போலக் குளிர்ந்திருந்தது. கியர் எண்ணெயின் கம்பியை இழுத்துத் துடைத்து விட்டு எடுத்தேன். எண்ணெய் மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு நின்றது. எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது. அன்ரன் அண்ணை ஒரு கிழமை எடுப்பேன் என்றதை நான் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பின்னேரம் மருந்துக் கடையில் ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்கி, மெல்லிய ரியூப் பூட்டி, கம்பி போகும் குழாய்க்குள் விட்டு, மறுநாள் காலை கோடு சரியாக வரும்வரை உறிஞ்சி எடுத்தேன். அரை லீற்றருக்கும் கூட வந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் தேயிலைச் சாயம்போல இருந்தது. ஜாம் போத்தலில் ஊற்றி, ‘கியர் எண்ணெய்’ என்று எழுதி ஒட்டி, குசினி அலுமாரிக்குள் வைத்தேன்.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். “கெட்டிக்காரி” என்று குரல் செய்தி வந்தது.

4

இரண்டு நாள் குளிர் குறைவாக இருந்தது. கார் முன்னைவிட நன்றாக ஓடுகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் எண்ணிக்கை ஐந்துக்குப் போனது. நான்காம் நாள் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. ‘டி’யில் போட்டு எட்டு வரை எண்ணினேன்.

அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். அலுவலகத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். கிளம்பின பிறகு ஓடுகிறதுதானே என்று விட்டேன்.

ஐந்தாம் நாள் ஆதரின் வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள ஏற்றத்தில், சிவப்பு விளக்குக்கு நின்ற கார், பச்சை விழுந்த பிறகு அசையவில்லை. மிதித்தேன். எஞ்சின் கத்தியது, கார் பின்னுக்கு வழுக்கியது. பிரேக்கை மிதித்து, திரும்ப ‘டி’யில் போட்டு, எண்ணினேன். பதினைந்து. இருபது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஒருவர் இறங்கி வந்து காரை ஓரத்துக்குத் தள்ள உதவினார். அலுவலகத்தில் எங்கள் நேர அட்டவணையைப் பார்க்கும் ஜூலிக்குப் போன் எடுத்தேன். வேறு ஆளில்லை என்றாள். காரை விட்டுவிட்டு நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம்.

ஏழு மணிக்குப் போக வேண்டிய வீட்டுக்கு ஏழு ஐம்பதுக்குப் போனேன். ஆதர் படுக்கை அறைக்கும் குளியலறைக்கும் இடையில் தரையில் கிடந்தார். அவரால் நான் வரும்வரை அடக்கிக்கொண்டு கிடக்க முடியவில்லை. தனியே எழும்பியிருக்கிறார். கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. அப்படி விழுந்தவரைத் தூக்கக்கூடாது என்பது எங்களுக்குப் பழக்கின முதல் பாடம். அம்புலன்சுக்கு அழைத்துவிட்டு, போர்வை போர்த்தி, ஈரமான உடுப்பை வெட்டி எடுத்துவிட்டு, பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

“மன்னியுங்கோ” என்று தமிழில் சொல்லிவிட்டேன். பதற்றத்தில் இங்கிலீசு வரவில்லை.

அவருக்கு எப்படி விளங்கியதோ, “பரவாயில்லை, இப்போது வந்துவிட்டாய்தானே” என்றார்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்தது. இனி அவர் அந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டார் என்று சொல்கிறார்கள். பராமரிப்பு இல்லம் ஒன்றில் இடம் பார்க்கிறார்கள். மகன் அவுஸ்திரேலியாவில் இருந்து வந்திருக்கிறார்.

5

கார் கட்டி இழுக்கப்பட்டுத்தான் அன்ரன் அண்ணையின் கராஜுக்குப் போனது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இருக்கச் சொல்லி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் ஜாம் போத்தலை மேசையில் வைத்தேன்.

“இதென்ன?”

“கியர் எண்ணெய். கூட நிண்டது. எடுத்தனான்.”

“எப்ப அளந்தனீ?”

“காலமை. எஞ்சின் போட முதல்.”

அவர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டியிருந்த எழுத்தை வாசித்தார். சிரிக்கவில்லை.

“ட்ரக்டருக்கு அளக்கிற மாதிரி அளந்திருக்கிறாய்.”

“ஓம்.”

“பிள்ளை, எஞ்சின் நிண்டால் இதுக்கு மேல நிக்கிற எண்ணெய் முழுக்கக் கீழ வடிஞ்சிடும். கம்பியில கூடத்தான் காட்டும். இந்தக் காருக்கு எஞ்சினை ஓடவிட்டு, சூடாக்கிப் போட்டுத்தான் பாக்க வேணும். உனக்குக் கூட நிண்டதில்லை. முதலே குறைவா இருந்திருக்கும். மிச்சத்தையும் நீ உறிஞ்சி எடுத்திட்டாய். ஏத்தத்தில மிச்சம் இருந்ததும் ஒரு பக்கமா ஒதுங்க, பம்ப் காத்தை இழுத்திருக்கு.”

அவர் காரின் முன் பெட்டியைத் திறந்து கைநூலை எடுத்து என்னிடம் தந்தார். பிளாஸ்ரிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. நான் பிரித்து, பக்கத்தைத் தேடி எடுத்தேன். பெட்டி போட்டு எழுதியிருந்தது: மட்டமான இடத்தில், எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கையில், கியர் கோலை ஒவ்வொரு இடத்திலும் வைத்து எடுத்து, திரும்ப, காரை நிறுத்தி வைக்கும் ‘பார்க்’கில் போட்டபின் அளவு பார்க்கவும்.

ஆறு வரி. எங்கள் வீட்டுக்கு வந்த அரசாங்கக் கடிதம், காணிப் பத்திரம், உரச் சிட்டை, மருந்துப் போத்தலின் பின்பக்கம் எல்லாவற்றையும் பத்து வயதிலிருந்து வாசித்துச் சொன்னவள் நான். ஒழுங்கையில் பாதிப் பேருக்கு நான்தான் விண்ணப்பம் நிரப்பினேன். வாசிக்க வேண்டிய அந்த ஆறு வரியை நான் வாசிக்கவில்லை. இயந்திரம் என்றால் அது அப்பாவின் பக்கம், அதற்குப் புத்தகம் தேவையில்லை என்று எனக்குள் எங்கோ ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. அதோடு அன்ரன் அண்ணைக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணமும்.

அவர் அடித்தட்டைக் கழற்றி, அடைபட்டிருந்த எண்ணெய் வடிகட்டியை மாற்றி, இந்தக் காருக்கு உரிய எண்ணெயை விட்டு, சரியாக அளந்து கொடுத்தார். முழுக்கக் கழுவி மாற்றவில்லை. இவ்வளவு வயதான கியர்பொக்ஸைக் கழுவினால் இருக்கிற அழுக்கும் கிளம்பி ஓடி வேறு இடத்தை அடைக்கும் என்றார். இப்போது மூன்று விநாடி. தொடங்கின இடத்துக்கே வந்திருக்கிறது.

“உள்ளுக்க சீல் எல்லாம் காஞ்சு இறுகிப்போச்சு. குளிருக்கு இன்னும் சுருங்கும். அதைத் திருத்திறதெண்டால் முழுக்கப் பிரிக்க வேணும், இந்தக் காருக்கு அது சரிவராது. காலமை ரெண்டு நிமிசம் சூடாகவிடு. ‘டி’யில போட்டால் கியர் விழுமட்டும் பிரேக்கை மிதிச்சுக்கொண்டு பொறு. அதுக்கு முதல் அக்சிலேட்டரை மிதிச்சியோ, உள்ளுக்க இருக்கிற தகடு எரியும்.”

பொறுத்தால் ஓடும். ஆதருக்கு இனி அதனால் ஒன்றுமில்லை.

6

அறிக்கை கொடுக்க வேண்டும். ஜூலி படிவத்தை அனுப்பிவிட்டுப் போன் எடுத்தாள். நல்ல பெண். “வாகனம் பழுது என்று எழுது. அது யாருக்கும் நடக்கும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்” என்றாள்.

ஆனால் வேலையில் சேரும்போது நான் ஒரு தாளில் கையெழுத்து வைத்திருக்கிறேன்: வாகனத்தைத் தகுதியான ஒருவரைக் கொண்டு மட்டுமே பராமரிப்பேன், கோளாறு தெரிந்தால் உடனே அறிவிப்பேன். இரண்டையும் நான் செய்யவில்லை. அதை எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்ரன் அண்ணையும் ஜூலி சொன்னதையேதான் சொன்னார். “நான் கடிதம் ஒண்டு தாறன். சீல் பழுது எண்டு. அது பொய்யில்லையே.”

“முழு உண்மையும் இல்லையே, அண்ணை.”

“ஐயோ, படிச்ச பிள்ளை விசர் வேலை பாக்காதை. அவர் விழுந்தது விழுந்ததுதான். நீ பிளேன் ஏறிப் போனால் எழும்பி நடப்பாரோ?”

கடிதத்துக்கு நிற்காமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து படிவத்தைத் திறந்தேன். ‘சம்பவத்துக்கான காரணம்’ என்று ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பெட்டியை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அம்மா இறந்தது போரின் கடைசி மாதங்களில், ஷெல் விழுந்து. இரண்டு வருடம் கழித்து, முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, அப்பாவும் நானும் இறப்புச் சான்றிதழ் எடுக்க ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். எனக்குப் பதின்மூன்று வயது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காரணம் என்ற பெட்டியில் ‘விபத்து’ என்று எழுதி, அப்பாவின் பெருவிரலைப் பிடித்து மையில் வைத்தார். அப்பா என்னைப் பார்த்து, “என்ன பிள்ளை எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

“அம்மா செத்தது எண்டு எழுதியிருக்கு, அப்பா.”

அவர் தலையாட்டினார். விரலை அழுத்தினார். பஸ்ஸில் வரும்போது அந்தக் கடதாசியை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அது இன்றைக்கும் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று நான் அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

படிவத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: கியர் தாமதமாக விழுவது எனக்கு முதலே தெரியும். கைநூலை வாசிக்காமல் நானே தவறாக அளந்து எண்ணெயை எடுத்தேன். அதன் பிறகு கோளாறு கூடியதும் தெரியும், நான் அறிவிக்கவில்லை. யாருடைய ஆலோசனையில் செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி இருந்தது. என் சொந்த முடிவு என்று எழுதினேன். அதுவும் உண்மைதான். கையில் புத்தகம் இருந்தது எனக்குத்தான், அப்பாவுக்கு இல்லை.

பிறகு அப்பாவின் அழைப்பு வந்தது. எடுத்தேன்.

“கார் இப்ப எப்பிடி, மகள்?”

“ஓடுது அப்பா.”

“நான் சொன்னனான்தானே. எண்ணெய்தான்.”

“ஓம் அப்பா. எண்ணெய்தான்.”

அவர் சந்தோசமாக இருந்தார். முரசுமோட்டையில் உழவு தொடங்கிவிட்டதாம். நான் போனை வைக்காமல், அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு இருந்தேன்.

அறிக்கையை முந்தநாள் அனுப்பினேன். ஜூலி உடனே போன் எடுத்தாள். இதைப் பதிவில் ஏற்றினால் பிறகு திருப்பி எடுக்க முடியாது, பின்னேரம்வரை வைத்திருக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், ஏற்று என்றேன். நேற்று கடிதம் வந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. ஆதரின் மகனும் வருவார். எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா, துணைக்கு யாரும் வருவார்களா என்று கடிதத்தின் கீழே கேட்டிருந்தார்கள்.

இரண்டுக்கும் இல்லை என்று நேற்றே பதில் போட்டுவிட்டேன்.